நாங்கள் தேநீர் குடித்தோம்

களத்தில் காய்ந்த காப்பிக்கொட்டையைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வந்தால் சுகுணாவுக்குச் சாயங்காலத்தில் இன்னொரு வேலை காத்திருக்கும். கணவர் அன்பழகனுக்கு வாசகர் கருத்துகளைப் படித்துக் காட்ட வேண்டும்.

நாகலூர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மகனான அவர் விமானப்படையில் மெக்கானிக்காகச் சேர்ந்து, பிறகு வெளிநாட்டில் லைசென்ஸ் வாங்கி, பப்புவா நியூ கினியின் மலைக்காடுகளில் சின்ன விமானம் ஓட்டிய கதை, ‘புல் ஓடுதளம்’ என்ற பெயரில் அந்த வருஷம் புத்தகமாக வந்திருந்தது. ரோடே போகாத ஊர்களுக்கு அரிசியும் மருந்தும் கொண்டுபோய் இறக்கியது, பிரசவ வலியில் துடித்த பெண்ணையும் ஒரு பன்றிக்குட்டியையும் ஒன்றாக ஏற்றி வந்தது என்று எல்லாம் அதில் இருந்தன. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தால் அவருக்குக் கண் கூசியது. அவர் நாற்காலியில் சாய்ந்து பேசப் பேச, சுகுணாதான் அதை எழுத்துத் தமிழாக்கி லேப்டாப்பில் அடித்தாள். இப்போது இரண்டாம் பதிப்பு வரப்போகிறது. பிழைகள் இருந்தால் அனுப்பச் சொல்லிப் பதிப்பாளர் கேட்டிருந்தார். அதற்காகவும் கருத்துகளைப் பார்க்க வேண்டியிருந்தது.

இருட்டிக்கொண்டு வந்ததால் அன்பழகன் எழுந்து சுவரைத் தடவி ஒரு சுவிட்சைப் போட்டார். மின்விசிறி சுற்றியது.

“மூணாவதுங்க,” என்றாள் சுகுணா, செல்போனிலிருந்து தலையை எடுக்காமலே.

விளக்கு எரிந்தது. அவள் படித்தாள். “விமானம் பறப்பதைவிட மழை பெய்வதுதான் இந்தப் புத்தகத்தில் அதிகம். ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை.”

“அந்த ஊரே அப்படித்தான். அப்பறம்?”

“ஆசிரியர் இத்தனை முறை உயிர் தப்பியிருக்கிறார் என்றால், விமானம் சரியில்லையா, ஓட்டியவர் சரியில்லையா?”

அன்பழகன் வாய்விட்டுச் சிரித்தார். “ரெண்டுந்தான்னு எழுதிப் போடு.”

“அடுத்தது சேலத்திலிருந்து புஷ்பலதான்னு ஒருத்தங்க. நொம்ப நீளமா எழுதியிருக்காங்க.” சுகுணா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். “முதல் பாதி முழுக்க ‘நான் இறங்கினேன், நான் பயந்தேன்’ என்று ஒற்றை ஆளாக இருந்தவர், ஒன்பதாம் அத்தியாயத்திலிருந்து ‘நாங்கள்’ என்று எழுத ஆரம்பிக்கிறார். ‘மழை விடும்வரை நாங்கள் தேநீர் குடித்தோம்’ என்று ஒரு வரி வருகிறது. அந்த வரியில் புத்தகமே கதகதப்பாகிவிட்டது. கணவரோடு அந்தக் காட்டுக்குப் போய் இருந்த அம்மாவின் பெயரை ஏன் ஆசிரியர் எங்கேயும் சொல்லவில்லை? அவருக்கு என் வணக்கம்.”

சுகுணா நிறுத்திவிட்டாள்.

அவளுக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. அவர் அங்கே இருந்த காலம் முழுக்க நாகலூரிலிருந்து ஏற்காட்டுக்குப் பஸ் ஏறிப் போய்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தாள். மகள் சிவசக்தியை வளர்த்தாள். படுக்கையில் கிடந்த மாமனாருக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள்.

“அடுத்ததப் படி,” என்றார் அன்பழகன்.

“இந்தம்மா என்ன நெனச்சுக்கிட்டாங்கன்னா...”

“படிக்கிறவங்க ஆயிரம் நெனப்பாங்க. நாங்கன்னா நானும் பிளேனும். வண்டி ஓட்டுறவங்க எல்லாம் அப்படித்தான் பேசுவாங்க.”

சொல்லிவிட்டுப் பக்கத்திலிருந்த டம்ளரை எடுத்து வாயில் வைத்தார். அதில் ஒன்றும் இல்லை. இருந்தும் குடிப்பதுபோல் ஒரு முறை சாய்த்துவிட்டுத்தான் கீழே வைத்தார்.

சுகுணா அடுத்த கருத்தைப் படித்தாள். அது அட்டைப்படத்தைப் பற்றியது. படிக்கும்போதே, அந்தத் தேநீர் வரியை அடித்த நாளை மனசு தேடியது. அடுப்பில் குக்கர் இருந்தது. விசிலுக்கு ஒரு காதைக் கொடுத்துவிட்டு, அவர் சொன்ன ‘நாங்க’ளை ‘நாங்கள்’ ஆக்கிக்கொண்டிருந்தாள். யார் அந்த நாங்கள் என்று கேட்கவே தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஒண்டிக்கடையில், சுஜாதாவின் ஜெராக்ஸ் கடை மாடியில் கூட்டம். ஊரில் புத்தகம் படிக்கிற பத்திருபது பேர் மாதம் ஒருமுறை அங்கே கூடுவார்கள். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி அப்பியிருந்தது.

பஸ் டிரைவர் மாதேஷ் முதலில் எழுந்தார். “மேகத்தப் பாத்தா திரும்பிடணும்னு அண்ணன் பல எடத்துல எழுதியிருக்காரு. நல்ல யோசனைங்க. ஆனா கொண்டை ஊசி வளைவுல மேகத்தப் பாத்து நான் திரும்பினா டெப்போல மெமோ குடுப்பாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள்.

“எறங்கறதுக்கு முந்தி அந்த எடத்த ஒருக்கா சுத்திப் பாக்கணும்னும் எழுதியிருக்காரு. இவரு எங்க டெப்போவுக்கு வந்திருந்தா ஒரு பஸ்ஸும் ஊரு போய்ச் சேந்திருக்காது.”

அன்பழகனும் சிரித்தார். மேடை என்று எதுவும் இல்லை. முன்னால் இரண்டு நாற்காலி போட்டு அவரையும் சுகுணாவையும் உட்கார வைத்திருந்தார்கள். அடுத்து, பின்வரிசையிலிருந்து பருத்திப் புடவை கட்டிய ஒரு பெண்மணி எழுந்து முன்னால் வந்தார். கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம்.

“நான் சேலம் புஷ்பலதாங்க. உங்களப் பாக்கறதுக்குன்னே மலையேறி வந்தேன்,” என்று அன்பழகனைத் தாண்டிச் சுகுணாவிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “அந்தக் காட்டுல, அந்த மழையில, எப்படிங்க இருந்தீங்க? நானா இருந்தா ஒரு வாரம் தாங்கியிருக்க மாட்டேன். அந்த டீ குடிக்கிற எடத்த எங்க ஊட்டுக்காரருக்கு ரெண்டு தடவ படிச்சுக் காட்டினேன்.”

சுகுணாவுக்குக் கையை விடுவித்துக்கொள்ளத் தெரியவில்லை.

“அக்கா எங்கங்க போனாங்க?” என்றார் மாதேஷ். குரலில் கள்ளமே இல்லை. “அத்தன வருசமும் காலைல நாகலூரு பஸ்ஸுல முன் சீட்டு அக்காவோடதுதான். நான் அப்ப கண்டக்டரு. மழை கொட்டினாலும் லீவு போட மாட்டாங்க. மகராசி.”

பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் அவர் உட்கார்ந்ததும், டீ ஊற்றிக்கொண்டிருந்த சுஜாதாவின் கை நின்றது. எல்லோரும் அன்பழகனைப் பார்த்தார்கள்.

அவர் தொண்டையைச் செருமினார். “நாங்கள்னு எழுதினது நானும் என் விமானமும். காட்டுல வருசக்கணக்கா தனியா பறக்கிறவனுக்கு அதுவும் ஒரு ஆள் மாதிரி ஆயிடும்.”

யாரோ கைதட்டினார்கள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கை தட்டக் கிடைத்ததே அவர்களுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். புஷ்பலதா மட்டும் குழம்பிப்போய் நின்றார்.

“ஏனுங்க, பிளேனு டீ குடிக்குமுங்களா?”

சிரிப்பு வெடித்தது. புஷ்பலதாவும் வெட்கத்தோடு சிரித்தார். சுகுணா எழுந்து, அவர் கையிலிருந்த பழப்பையை வாங்கிக்கொண்டாள்.

“அவரு எழுதினது சரிதானுங்க,” என்றாள். “அதுல நான் இல்ல.”

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. சுகுணா நேராகப் போய் முன் சீட்டில் உட்கார்ந்து, பக்கத்தில் பழப்பையை வைத்துக்கொண்டாள். அன்பழகன் கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்து நின்று பார்த்துவிட்டு, பின்னால் போய் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை வெயில் ஏறியதும் இருவரும் களத்தில் இருந்தார்கள். அவர் மரப்பலகையால் காப்பியைக் கிளறிவிட்டார். அவள் குனிந்து கல்லும் குச்சியும் பொறுக்கினாள். நிமிராமலே கேட்டாள்.

“பேரு என்னங்க?”

“எந்தப் பேரு?”

“டீ குடிச்சவங்க பேரு.”

பலகை நின்றது. கீழே சாலையில் ஒரு ஜீப் திணறி ஏறிப் போனது.

“ரூத்,” என்றார். “அந்த ஓடுதளத்துல ரேடியோ வேலை பாத்தவ. மேகம் எங்க நிக்குதுன்னு எறங்கறதுக்கு முந்தி அவதான் சொல்லுவா.”

“எப்ப இருந்து?”

“கடைசி மூணு வருசம்.”

கடைசி மூன்று வருஷம். சுகுணாவுக்கு அந்த வருஷங்கள் நன்றாக நினைவிருந்தன. லீவு கிடைக்கவில்லை என்று அவர் ஊருக்கே வராத வருஷங்கள். மாமனார் காரியத்துக்குக்கூட வரவில்லை. சிவசக்திதான் தாத்தாவுக்குக் கொள்ளி வைத்தாள். இந்த வீடு எழும்பியதும் அப்போதுதான். பாவம், காட்டில் தனியாகக் கிடக்கிறாரே என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

“இப்ப எங்க இருக்காங்க?”

“தெரியாது. வந்ததுக்கப்பறம் பேசினதில்ல. நான் கெளம்பின அன்னைக்கி ரேடியோவுல வந்தா. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு சொன்னா. வேற ஒண்ணும்...”

“அத என்கிட்ட சொல்லாதீங்க.” சுகுணா நிமிர்ந்தாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “ஏன் எழுதினீங்க? எழுதாமயே விட்டிருக்கலாமில்ல.”

“நான் குடிச்சேன்னு சொன்னாப் பொய்யா இருக்கும். பேரச் சொல்லத் தைரியமில்ல. வாயில நாங்கன்னு வந்துடுச்சு.”

“அதையும் என் கையால அடிக்க வச்சீங்க.”

அவர் பலகையை எடுத்து மறுபடியும் கிளற ஆரம்பித்தார். ஏற்கனவே கிளறிய இடத்தையே கிளறினார்.

மத்தியானம் பதிப்பாளர் கூப்பிட்டார். திருத்தங்களை அன்றைக்கே அனுப்பினால் நல்லது என்றார். போனை வைத்துவிட்டு அன்பழகன் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“சுகுணா, ஒன்பதாம் அத்தியாயத்துல இருந்து எல்லா எடத்துலயும் ‘நான்’னு மாத்திடு. நேத்து மாதிரி இன்னொருத்தர் கேட்டுடக் கூடாதில்ல. உனக்குத்தான் அசிங்கம்.”

“எனக்கா?”

சுகுணா கையைத் துடைத்துக்கொண்டு போய் லேப்டாப்பைத் திறந்தாள்.

மாற்றுவது சுலபம். மகள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். முதலில் அந்தத் தேநீர் வரியை மட்டும் மாற்றிப் பார்த்தாள். ‘மழை விடும்வரை நான் தேநீர் குடித்தேன்.’ அவ்வளவுதான். பெயரில்லாத அந்தப் பெண் புத்தகத்தைவிட்டு எழுந்து போய்விட்டாள். காட்டில் ஒற்றை ஆளாக ஒரு மனிதர் மட்டும் இருந்தார். படிக்கிறவர்களுக்கு அவர்மேல் இரக்கம் வரும். இத்தனை வருஷம் சுகுணா பட்ட அதே இரக்கம்.

அந்த ரூத்தை மன்னிக்க அவளுக்கு மனசில்லை. நேற்றிரவு முழுக்கப் பெயர்கூடத் தெரியாமல் அவளை வைதுகொண்டேதான் கிடந்தாள். ஆனால் அதைவிட உறுத்தியது வேறொன்று. முப்பது வருஷக் குடித்தனத்தில், மழை விடட்டும் என்று அவரோடு உட்கார்ந்து தேநீர் குடித்த ஒரு பொழுது அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அந்த வரி அவளுக்கு வாய்க்கவில்லை. வாய்த்தவளின் தடத்தை அழிக்கிற வேலைதான் அவள் பங்குக்கு வந்திருக்கிறது. போன முறை தெரியாமல் அடித்தாள். இப்போது தெரிந்தே அடித்தால் அந்தப் பொய் அவளுடையதாகிவிடும்.

மாற்றியதைத் திரும்ப ‘நாங்கள்’ என்றே ஆக்கினாள். பிறகு கடைசி அத்தியாயத்துக்குப் போனாள். அங்கே ஒரு வரி இருந்தது. ‘நாகலூரில் நாங்கள் ஒரு வீடு கட்டினோம்.’

இதையும் அவள்தான் அடித்திருந்தாள். அடித்தபோது உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சிகூட இருந்தது, தன்னையும் சேர்த்துச் சொல்லிவிட்டாரே என்று. மணல் லாரி மேட்டில் ஏறாமல் கீழேயே நிற்க, ஜீப் பிடித்து நடை நடையாக ஏற்றியது யார்? கான்கிரீட் போட்ட அன்று மழை பிடித்துக்கொள்ள, ஊரெல்லாம் ஓடித் தார்ப்பாய் கேட்டு வாங்கிவந்தது யார்? அன்பழகன் பெட்டியோடு வந்து இறங்கியபோது சுவரில் பெயின்ட் வாசனைகூடப் போய்விட்டிருந்தது. பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

சுகுணா அந்த வரியை அழித்துவிட்டு வேறு அடித்தாள். ஒரு முறை படித்துப் பார்த்தாள். பதிப்பாளருக்கு அனுப்பினாள்.

வெளியே அவர் நாற்காலியில் காத்திருந்தார். “மாத்திட்டியா?”

“ஒரு எடத்துல மாத்தினேன்.”

“ஒரு எடத்துலயா?”

“‘நான் ஊர் திரும்பியபோது நாகலூரில் சுகுணா வீடு கட்டி முடித்திருந்தாள்.’ அது மட்டுந்தான். அனுப்பியாச்சு.”

“மத்ததெல்லாம்?”

“மத்ததெல்லாம் நீங்க சொன்னது. நீங்க சொன்னபடியே இருக்கட்டும். யாராச்சும் கேட்டா நீங்களே பதில் சொல்லிக்கோங்க.”

களத்துக்குப் போய்க் காப்பியைக் கூட்டி, தார்ப்பாயை இழுத்து மூடி, நான்கு மூலையிலும் கல் வைத்தாள். மூடுபனி சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே புகுந்து வந்துகொண்டிருந்தது. உள்ளே வந்தவள் செல்போனைத் தொடவில்லை. அவரும் படிக்கச் சொல்லவில்லை. எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். முகம் தெரியாத அளவுக்கு இருட்டிவிட்டது.

அன்பழகன் எழுந்து சுவரைத் தடவினார். மின்விசிறி சுற்றியது. அதை அணைத்துவிட்டு அடுத்ததைப் போட்டார். வெளியே களத்து விளக்கு எரிந்தது. சுவரில் கையை வைத்தபடியே அவள் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றார்.

சுகுணா ஒன்றும் சொல்லவில்லை.