ஆறாவது குழி

முயல் பொய் சொல்லாது என்பாள் எஃபி. கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் இருபது வருஷமாக உருளைக்கிழங்கு வைரஸ்களுக்கு உறவுமுறை பார்த்துச் சொல்கிறவள் அவள்தான். தெரிந்த வைரஸை முயலுக்கு ஊசி போட்டு, அதன் ரத்தத்திலிருந்து சீரம் பிரிப்பாள். அகர் என்ற கடல்பாசிக் கூழ் உறைந்த தட்டில் நடுக்குழிக்கு அந்தச் சீரம், சுற்றியுள்ள ஆறு குழிகளுக்கு இலைச்சாறு. சீரம் தனக்குத் தெரிந்ததைச் சந்திக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு விழும். மறுநாள் பக்கத்துப் பக்கத்துக் குழிகளின் கோடுகள் வளைந்து ஒன்றானால் இரண்டும் ஒரே வைரஸ். ஒரு கோடு மற்றதைத் தாண்டி வால் நீட்டினால் பங்காளி. ஆறில் ஒரு குழி எப்போதும் நோயில்லாத செடிக்கு. அதற்கு முன்னால் கோடே விழக்கூடாது. விழுந்தால் முயல் அடையாளம் காட்டுவது நோயை அல்ல, வெறும் உருளைக்கிழங்கை.

அந்த ஜூலையில் லாக்லன் இரண்டு குப்பிகளோடு வந்தான். புது உருளைக்கிழங்கு ரகம் உருவாக்குபவன், தன் ரகத்தைப் பொண்ணு என்றே சொல்பவன், அவளுக்குப் பழைய சிநேகிதன்.

"எஃபி, எம் பொண்ணு மூஞ்சியில தேமல் விழுந்திருக்கு. என்னன்னு பாரு."

"பதினோரு வருஷம் வளத்தவன் ஒரு தேமலுக்கா இப்படி நடுங்குறே?"

"நாளைக்கு விதைக்கிழங்குக் கமிட்டி கேக்குமே. ரெண்டு செடியோட சாறு இருக்கு, ரெண்டையும் போடு. ஒண்ணாவது தேறட்டும்."

நோயில்லாத செடியின் குழி போக, தட்டில் ஒரு குழிதான் மிச்சம். இன்னொரு தட்டு ஊற்ற நேரமில்லை. அவன் முகத்தைப் பார்த்து மனசு இளகி, நோயில்லாத செடிக்கு வைத்திருந்த ஆறாவது குழியில் அவனுடைய இரண்டாவது சாற்றை விட்டாள். பதறிய காரியம் சிதறும் என்று அவளுக்கா தெரியாது?

மறுநாள் அவனுடைய இரண்டு கோடுகளும் ஒப்பிட வைத்திருந்த, வயலையே அழிக்க வைக்கும் பொல்லாத வைரஸின் கோட்டோடு வால் இல்லாமல் இழைந்திருந்தன. அதே வைரஸ் என்று எழுதிக் கொடுத்தாள். கமிட்டி வயலை அழிக்கச் சொன்னது. லாக்லன் தன் கையாலேயே பிடுங்கி எரித்தான்.

இரண்டு வருஷம் கழித்து அதே சீரத்தை எடுத்து, இந்த முறை நோயில்லாத செடியின் சாற்றையும் வைத்தாள். அதற்கு முன்னாலும் பளிச்சென்று கோடு. ஊசிக்கு வைரஸ் எடுத்தது உருளைச் செடியிலிருந்து. செடியின் சத்தும் ஊசியில் கலந்து முயலுக்குள் போயிருக்கிறது. முயல் பொய் சொல்லவில்லை, இவள்தான் கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை. அந்தக் கோடை மழையில் நோயில்லாத பக்கத்து வயல்களிலும் இலை வெளுத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது; தேமல் வெறும் மழையால் வந்திருக்கும். பாவி, என்ன செய்துவிட்டேன் என்று வாய்விட்டே சொன்னாள்.

அன்று மத்தியானமே லாக்லனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஒரு கிழங்காவது எடுத்து வெச்சிருக்கியா, லாக்லன்?"

"நீ சொன்னா தப்பாதுன்னு ஒண்ணுகூட வெக்கல." அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "அந்த நல்ல செடிச் சாறு... எப்பவும் வெப்பியே. அன்னிக்கு ஏன் வெக்கல?"

உன் இரண்டாவது குப்பிக்கு இடம் விடத்தான் என்ற பதில் அவள் நாக்கின் நுனி வரை வந்தது.

"மறந்துட்டேன்," என்றாள்.

"மறந்துட்டியா? எம் பதினோரு வருஷத்த மறந்துட்டியா, எஃபி?"

அவன் கத்தித் தீர்க்கும்வரை அவள் தலைகுனிந்து நின்றாள்.