பிறந்த வீட்டுக் கோடி

அனுசியா கத்திரியைத் தறியருகே கொண்டுபோனதும் இரண்டு பக்கமிருந்தும் "நிறுத்து" என்றார்கள்.

ஒருவர் தாய்மாமன் அய்யாக்குட்டி, பலசரக்குக் கடைக்காரர். கையில் கடைப் பையோடு பட்டுச்சேலை. மற்றவர் சென்னைக் கலை மையத்தின் இயக்குநர் ஜெயகணேஷ். அவர் கொண்டுவந்த மலர்வளையத்தைவிட அதில் தொங்கிய மையத்தின் பெயர் பெரிது.

முன்னறையில் அம்மா செல்வராணி கிடந்தாள். துறைமுகத்தில் கழித்துப் போட்ட கப்பல் கயிறு, கிழிந்த மீன்வலை, பனைநார் எல்லாவற்றையும் தறியில் ஏற்றி, சேலையுமாகாத பாயுமாகாத எதையோ முப்பது வருஷம் நெய்தவள். நவீன நெசவின் முன்னோடி என்று வெளிநாட்டில் எழுதினார்கள். அய்யாக்குட்டி அதற்கு வைத்திருந்த பெயர் சிக்கு.

"பட்டு கிட்டு போட்டு என்னைய அனுப்பிராத. தறியில கெடக்கத அறுத்துப் போத்து" என்று ஆஸ்பத்திரியில் அம்மா சொன்னாள். அனுசியா தலையாட்டியிருந்தாள்.

"பொறந்த வீட்டுக் கோடி போடாம எந்தங்கச்சி வாசல் தாண்ட மாட்டா" என்றார் மாமா. "நாளைக்கு ஊருல ஒருத்தன் எம்மூஞ்சில முழிப்பானா?"

ஜெயகணேஷ் தொண்டையைச் செருமினார். "இது மேடத்தோட கடைசிப் படைப்பு. முடியாத நெசவு. இந்த மௌனத்தை நாம கண்ணாடிக்குள்ள வச்சுப் பாதுகாக்கணும்."

அம்மா சேர்ந்தாற்போல் ஐந்து நிமிஷம் வாய்மூடி இருந்ததே இன்றைக்குத்தான். முன்னறையில் அழுகைக்கு நடுவே யாரோ சிரிப்பை விழுங்கினார்கள்.

"குடும்பத்துக்கு இதெல்லாம் புரியாதுதான். இது இனி உங்களுக்குச் சொந்தமில்ல, உலகத்துக்குச் சொந்தம்."

அய்யாக்குட்டியின் மூக்கு விடைத்தது.

"எங்கூடப் பொறந்தவ நெய்ஞ்சது எனக்குச் சொந்தமில்லையா? அவ வெயில்ல கயிறு பொறுக்கையில கூட நின்னு சாக்குப் புடிச்சீரா வே நீரு?"

அவரும் பிடித்ததில்லை. அனுசியாவின் பக்கம் திரும்பினார்.

"ஏளா, அறு."

அறுத்தாள். ஆள் நீளத்துக்கு வந்தது. வாங்கிய கையோடு மாமா தயங்கினார். கோடி பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். இதுவோ இந்த வீட்டுக்குள்ளேயே கிடந்தது. ஊர் விடுமா?

துணியைத் தாம்பாளத்தில் மடித்து வைத்தார். பின்வாசல் வழியாக வெளியேறி, தெருவைச் சுற்றி, மேளக்காரரை முன்னால் விட்டு, தலைவாசலில் வந்து நின்றார்.

"பொறந்த வீட்டுக் கோடி வருது, வழி விடுங்க!"

பெண்கள் ஒதுங்கினார்கள். மலர்வளையத்தோடு ஜெயகணேஷும் ஒதுங்கினார்.

போர்த்தியதும் உப்புவாடை எழுந்தது. ஓரத்தைச் சரிசெய்த மாமாவின் விரல்கள் அங்கேயே நின்றன.

"இம்புட்டு இறுக்கமாவா நெய்ஞ்சிருக்கா" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

மறுநாள் சுடுகாட்டில் காடாற்று முடிந்த பிறகு, தறியில் தொங்கிய பாவு இழைகளின் நுனிகளை அனுசியா முடிந்துகொண்டிருந்தாள். அம்மா திட்டித் திட்டி இவளுக்கு வந்த ஒரே வேலை அது.

மாமா வந்தார். கையில் அதே பை.

"ஒங்கத்தை கட்டிக்கிட மாட்டேங்கா. சாவுக்கு எடுத்த சேலையாம். கடைக்காரனும் திருப்பி எடுக்க மாட்டான்." தறியைப் பார்த்தார். அனுசியாவைப் பார்க்கவில்லை. "இதக் கிழிச்சா... தறிக்குள்ள போகுமா?"

அனுசியா சேலையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கீறி, ஒரு முனையை அவர் கையில் கொடுத்தாள். பட்டு முதலில் அடம்பிடித்தது. பிறகு நேராகக் கிழிந்தது. பிடித்த முனையோடு மாமா பின்னால் நடந்துகொண்டே போனார், வாசல் வரைக்கும்.