காது வில்லையோடு பிறந்த கிடா

இதில் ஒரு சொல் பொய்யானாலும் என் நாக்கு அழுகட்டும். மூன்று பிள்ளைகள் தலையிலும் அடித்துச் சத்தியம் செய்கிறேன். அந்தக் கிடாக்குட்டி பிறக்கும்போதே இடது காதில் மஞ்சள் வில்லையோடுதான் பிறந்தது. வில்லையில் 1176 என்ற எண் அச்சடித்த மாதிரி இருந்தது. தாய் ஆடு குட்டியை நக்கித் துடைத்தபோது வில்லையையும் சேர்த்தே நக்கியது. ஆட்டுக்காரிக்கு அதில் பெரிய ஆச்சரியம் எதுவும் இல்லை. செம்மறிப் பண்ணையில் குட்டிகளுக்குக் காது குத்தி வில்லை மாட்டிப் பதிவேட்டில் ஏற்றும் எழுத்தர் அவளுடைய சொந்தத் தம்பி. அவனுக்கு ஒரு வேலை மிச்சம் என்று மட்டும் நினைத்தாள். முந்தைய மழையில் வந்த குளம்பு அழுகலில் மந்தை மொத்தமும் போய், அவளுக்கு மிஞ்சியது அந்தத் தாய் ஆடும் இந்தக் குட்டியும்தான். ஒரு வயதில் பொலிகிடாவாகத் தேர்வானால் பண்ணை அதைத் தன்னிடம் வைத்துக்கொண்டு ஈடாக ஆறு பெட்டை ஆடுகள் கொடுக்கும்; மந்தை மறுபடி தலையெடுக்கும். தேறாத கிடாவுக்குக் கறிக்கடை லாரி.

சிக்கல் எண்ணில் இருந்தது. "அக்கா, இதென்ன வம்பு? நான் 880 வரைக்கும்தான் குத்தியிருக்கேன்" என்றான் தம்பி. "என்னைக் கேட்டா? நீதானே படிச்சவன்" என்றாள் அக்கா. வில்லையை வெட்டிப் பார்த்தார்கள். நான்கு நாளில் நகம் வளர்கிற மாதிரி அதே எண்ணோடு வளர்ந்துவிட்டது. பதிவேட்டில் எண்கள் வரிசையாக வர வேண்டும், நடுவில் ஒரு வரிகூட வெறுமையாக இருக்கக்கூடாது. பதிவேட்டில் ஏறாத ஆட்டை எடை போட மாட்டார்கள்; எடை போடாததைத் தேர்வு செய்ய மாட்டார்கள். ஆக, தேர்வு நாளுக்குள் 881 முதல் 1175 வரை யாராவது பிறந்தாக வேண்டும்.

அந்தப் பருவத்தில் சுற்றுவட்டாரம் முழுக்கச் சேர்த்தும் இருநூற்றுப் பன்னிரண்டு செம்மறிக் குட்டிகள்தான் பிறந்தன. எண்பத்து மூன்று வரி காலி. எழுத்தர் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் ஒன்றைக் கவனித்தான்: எண், பால், நிறம், உரிமையாளர் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது, என்ன விலங்கு என்பதற்குக் கட்டம் இல்லை. ஆட்டுப் பண்ணைக்கு வருவது ஆடுதான் என்று அச்சடித்தவர்கள் நம்பிவிட்டார்கள். நாற்பது வெள்ளாடுகளும் இருபத்தொன்பது நாய்களும் பதின்மூன்று பூனைகளும் பதிவாயின. கோழிகளுக்குக் காதைத் தேடிச் சலித்து விட்டுவிட்டார்கள். வில்லை குத்திய நாய்கள் மறுநாளே புல் மேய்ந்தன. பூனைகளுக்கு மட்டும் ஒரு வாரம் பிடித்தது. பூனைகள் எதையும் ஒரே நாளில் ஒப்புக்கொள்வதில்லை.

மிஞ்சியது 1175 என்ற ஒரே ஒரு எண். அதற்குத் தன் மாமனாரைக் கொண்டுவந்தார் ஊர் முடிதிருத்துபவர். மூன்று நாள் விருந்துக்கு வந்த மாமனார் பதினோரு வருடமாக அவர் வீட்டில் இருந்தார். "காதுல சின்ன வயசுலயே ஓட்டை இருக்கு, குத்துற வேலைகூட இல்ல" என்றார் மருமகன். மாமனாரும் மறுக்கவில்லை. தேர்வானால் வேளாவேளைக்குச் சாப்பாடு, தனிக் கொட்டகை என்று கேள்விப்பட்டிருந்தார்.

தேர்வு நாளன்று அதிகாரி வந்தார். அவரை எல்லோரும் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்த மகள் கல்யாணத்தில் சம்பந்தியின் கண்ணிமையை இழுத்து ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்தவர். மதியத்துக்குள் ஒன்பது கிடாக்கள் தேறிவிட்டன. நாய்களும் பூனைகளும் எடையில் அடிபட்டன. வெள்ளாடுகள் கம்பளிக் கட்டத்தில் சுழி வாங்கின. கடைசியாக ஒரு இடம், போட்டிக்கு 1175-ம் 1176-ம். கிடா ஐம்பத்தேழு கிலோ, மாமனார் ஐம்பத்தெட்டு. குளம்பில் இருவருக்கும் நோய் இல்லை. மாமனாருக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது, கீழே எட்டும் இருந்தன. செம்மறிக்கு இருக்க வேண்டிய அமைப்பு அதுதான் என்று தராசு முழு மதிப்பெண் போட்டார். விதைப்பையை டேப் வைத்து அளக்கும் இடத்தில் மட்டும் வயதுக்கு மரியாதை கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு 'திருப்தி' என்று எழுதினார். மாமனார் எண்பத்தேழு, கிடா எண்பத்தாறு. பாக்கி இருந்தது குணம். கிடா அசையாமல் நின்று முழுசாக வாங்கிவிட்டது. மாமனாரும் அசையாமல்தான் நின்றுகொண்டிருந்தார். பதினோரு வருடப் பழக்கம்.

லாரி வாசலுக்கு வந்து நின்றது. ஆட்டுக்காரி மாமனாரின் காதோரம் போனாள்.

"ஐயா, அங்க சும்மா உக்கார வெச்சுச் சோறு போடுவாங்கன்னா நெனச்சீங்க?"

"பின்ன?"

"பருவத்துக்கு நாப்பது பெட்டை."

"நாப்பதா?"

"நல்லா வேலை செஞ்சா அடுத்த வருஷம் அம்பது."

மாமனார் நாலடி பின்னால் போய், தலையைக் குனிந்து, ஓடிவந்து தராசின் வயிற்றில் முட்டினார். தராசு புல்லில் உட்கார்ந்தபடியே குணத்தில் பத்தைக் கழித்தார். 1176 தேர்வானது.

ஆட்டுக்காரி ஆறு பெட்டை ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள். நாய்களையும் பூனைகளையும் ஏற்ற லாரிக்காரர் மறுத்துவிட்டார். பதிவேடு படிக்காத மனிதர். "விதின்னா விதிதான், நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்று முடிதிருத்துபவர் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும், லாரிக்காரர் மாமனாரை முன்சீட்டில் ஏற்றி வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டுப் போனார். அந்த மாதமே மாமனாருக்கு முதுகில் கம்பளி அடர்ந்து வந்தது. மருமகன் வருடத்துக்கு இரண்டு முறை கத்தரித்துப் போர்வை நெய்யக் கொடுக்கிறார். இப்போதெல்லாம் 'மாமா, ஒரு வாய் காபி?' என்று கேட்ட பிறகுதான் தான் குடிக்கிறார். 1176-க்குப் பிறந்த குட்டிகள் எல்லாம் வில்லையோடு, வரிசை பிசகாமல் பிறந்தன. எழுத்தருக்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது தவிர வேறு வேலை இல்லை. ஆட்டுக்காரியிடம் இப்போது அறுபத்து நான்கு ஆடுகள்.

அந்தப் பண்ணையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே வளர்த்தது வாத்து மட்டும்தான்.