இருபதுக்குப் பதினெட்டு

செவ்வாய், மார்ச் 11. வகுப்பு ஐந்தரைக்குத் தொடங்கி ஆறு ஐம்பதுக்கு முடிந்தது. வந்தவர்கள் பதினொரு பேர். ஒரு சிறு தவறு: பாசியின் கடிதத்தில் அந்த வரியை நான் எடுத்திருக்கக் கூடாது.

எழுதிய பிறகு அவள் ‘சிறு’ என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை அடித்தாள். நாட்குறிப்பில் அடித்தல் திருத்தல் கூடாது என்பது அவளாகவே போட்டுக்கொண்ட விதி. இரண்டு வருடத்தில் இதுதான் முதல் அடித்தல். எழுந்து ஜன்னல்வரை போனாள், திரும்பினாள். ஜன்னலிலிருந்து கதவுக்கு ஒன்பது அடி. அதையும் எண்ணியிருந்தாள்.

அது ஆராய்ச்சி மாணவர்களுக்கான மாலை வகுப்பு. கட்டுரை எழுதுவது, கருத்தரங்கில் பேசுவது, பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புவது என்று நாக்கையும் பேனாவையும் பழக்குகிற இடம். முதல் நாள் ஆசிரியை, தங்கள் ஆராய்ச்சியை ஒரே சொல்லில் சொல்லுங்கள் என்றார். சொன்ன சொல்லே ஆளுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. கான்கிரீட்டில் விழும் விரிசல்களை அளக்கிற அவள் சிமெண்ட் ஆனாள். குளத்துப் பாசியிலிருந்து எண்ணெய் எடுக்கப் பார்க்கிறவர் பாசி. அவர் நான்காம் ஆண்டு. ஆறடிக்கு மேல் உயரம். ஆனால் பேராசிரியர் என்ற சொல் காதில் விழுந்தாலே நான்கு அங்குலம் குறைந்துவிடுவார்.

போன வியாழக்கிழமைப் பயிற்சியில் ஒருவர் கடிதத்தை இன்னொருவர் திருத்த வேண்டும். பாசி கொண்டுவந்தது பயிற்சிக்கென்று எழுதியது அல்ல, நிஜமாகவே அனுப்ப வேண்டிய கடிதம். ஆய்வகத்தில் குளிர்பெட்டி பழுதாகி, அவர் வளர்த்ததெல்லாம் ஒரே வார விடுமுறையில் அழிந்துபோயிருந்தது. பேராசிரியர் அப்போது ஊரில் இல்லை. திரும்பி வந்தபின் நேரில் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. நலம் விசாரிப்புக்கும் நன்றிக்கும் நடுவில், வேலியைத் தாண்டி வந்த ஆடு மாதிரி ஒரு வரி நின்றது: ‘பாசி முழுவதும் செத்துவிட்டதால் எனக்கு இன்னும் ஆறு மாதம் வேண்டும், புதன்கிழமைக்குள் நீங்கள் கால நீட்டிப்புப் படிவத்தில் கையெழுத்திடாவிட்டால் என் இடம் போய்விடும்.’

அவள் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் ‘மிரட்டல் தொனி’ என்று எழுதினாள். இருபத்தைந்து நிமிடம் மெனக்கெட்டு மாற்று வரி ஒன்றைச் செய்தாள்: ‘சில தொழில்நுட்பச் சிக்கல்களுக்கு இடையிலும் பணி தொடர்கிறது, கால அளவு குறித்துத் தங்கள் மேலான வழிகாட்டலை எதிர்நோக்குகிறேன்.’ ஆசிரியை அதை உரக்கப் படித்துக்காட்டி இருபதுக்குப் பதினெட்டு போட்டார். அவளுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. பாசி மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இதுல நான் கேட்டது இருக்குங்களா?”

“இருக்குங்க. மரியாதையா இருக்கு.”

இன்றைக்கு அவர் ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு வகுப்புக்கு வந்தார். பேராசிரியரின் பதில் கைபேசியில் இருந்தது: ‘மகிழ்ச்சி. நல்ல முன்னேற்றம்.’ கோபப்படவில்லை என்றால் ஒத்துக்கொண்டார் என்றுதானே பொருள் என்றார் பாசி. படிவத்தைப் பேராசிரியரே கையெழுத்திட்டு அலுவலகத்துக்கு அனுப்பியிருப்பார், நாளை ஐந்து மணிக்குக் கெடு முடிந்தால் பாரம் இறங்கிவிடும் என்றார். மற்றவர்கள் கைதட்டினார்கள். அவள் பதிலை இன்னொரு தரம் படித்தாள். பாசி செத்துப்போனதைத் தெரிந்துகொண்ட எந்த மனிதராவது முன்னேற்றம் என்று எழுதுவாரா? வாயைத் திறப்பதற்குள் ஆசிரியை உள்ளே வந்துவிட்டார். கையில் பிஸ்கட் இருந்தது. தின்றுவிட்டாள். கருத்தரங்கில் கேள்வி கேட்பது எப்படி என்பது இன்றைய பாடம். நோட்டில் தேதியைத் தவிர ஒரு எழுத்தும் இல்லை. வகுப்பு முடிந்ததும் பாசிக்கு முன்னால் அவளே படியிறங்கி ஓடிவந்துவிட்டாள்.

இப்போது ஏழரை. அவருக்குச் செய்தி அனுப்பப் பார்த்தாள். ‘வணக்கம். தங்கள் கடிதம் தொடர்பாக ஒரு சிறு விளக்கம்’ என்று தொடங்கியது முதல் வரைவு. இரண்டாவதில் ‘சிறு’ போய் ‘பணிவான’ வந்தது. ஐந்தாவது வரைவு நீளமாகவும் நயமாகவும் இருந்தது. படித்துப் பார்த்தால் நாளை நல்ல வெயில் அடிக்கும் என்பதுபோல இருந்தது.

வேலை முடிந்து வந்த அக்கா, கைப்பையைக்கூட இறக்காமல் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். வீட்டுச் சாதனங்கள் பழுதுபார்க்கும் கம்பெனியில் புகார் எடுப்பவள் அவள். என்ன பழுது, எப்போது ஆள் வர வேண்டும் என்று ஒரு நாளைக்கு நூறு பேரிடம் கேட்டுக் கேட்டு, வீட்டிலும் அதே தோரணைதான்.

“என்னடி இது, கல்யாணப் பத்திரிகையா?”

அவள் நடந்ததைச் சொன்னாள். அக்கா ஐந்தாவது வரைவைக் கடைசிவரை படித்தாள்.

“அந்தாளுக்கு நாளையோட சீட்டு போகுதுன்னு இதுல எங்கடி இருக்கு? பூசி மெழுகுறதுக்குன்னே சிமெண்ட் படிக்கிற போல.”

சொல்லிவிட்டு அக்கா முகம் கழுவப் போய்விட்டாள். அவளுக்குச் சுருக்கென்றது. பாசியை அழைத்தால் திட்டுவார். திட்டாமல் பரவாயில்லை என்றுவிட்டால் அது அதைவிட மோசம். ஜன்னல், கதவு, ஜன்னல். மூன்றாவது தடவை கதவைத் தொட்டபோது எண்ணை அழுத்தியிருந்தாள்.

“சொல்லுங்க சிமெண்ட்,” என்றார் பாசி. பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம்.

“உங்க சாருக்கு எதுவுமே தெரியாது. பாசி செத்தது தெரியாது. ஆறு மாசம் கேட்டது தெரியாது. அந்த வரியை நான் எடுத்துட்டேன்.”

குழாய் நின்றது.

“நான் அன்னைக்கே கேட்டேனே, இதுல இருக்கான்னு.”

“கேட்டீங்க.”

“இருக்குன்னீங்க.”

“ஆமா.”

மன்னிப்புக்கென்று நான்கு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தாள். ஒன்றுகூட வரவில்லை. பேசியது பாசிதான்.

“பழைய கடிதத்தை அழிச்சிட்டேன். உங்ககிட்ட இருக்கா?”

“இருக்கு. சிவப்பு வட்டத்தோட.”

“காலையில ஒன்பதுக்கு ரூமுக்கு வருவாரு, பத்துக்கு வெளியூர் கிளம்பிடுவாரு. நான் வாயைத் திறந்தா சார் சௌக்கியமான்னு ஆரம்பிச்சு ஒரு மணி நேரத்தையும் தின்னுடுவேன். நீங்க அந்தத் தாளை நேரா மேஜையில வச்சிடுங்க. பதினெட்டு மார்க்கு வாங்கின கை.”

அது சிரிப்பா, குத்தா என்று அவள் யோசிப்பதற்குள் இணைப்பு அறுந்தது. போனை வைக்கிறேன் என்றுகூட அவர் சொல்லவில்லை.

தேதிவாரியாக அடுக்கிய கோப்பில் வியாழக்கிழமைத் தாள் உடனே கிடைத்தது. ஓரத்தில் இருந்த ‘மிரட்டல் தொனி’யை அழிக்கலாமா என்று ரப்பரை எடுத்தாள். பேனா மை. தாளை ஜன்னலில் சாய்த்து வைத்து, கதவருகே நின்று பார்த்தாள். ஒன்பது அடி தூரத்திலிருந்து வேறெந்த வரியும் தெரியவில்லை. சிவப்பு வட்டம் மட்டும் தெரிந்தது. வந்து உட்கார்ந்து, அடித்த சொல்லுக்குக் கீழே நாளைய தேதி போட்டு எழுதினாள்.

புதன், மார்ச் 12. எட்டு நாற்பதுக்குப் பேராசிரியர் அறை வாசல். தாள், காலிப் படிவம், இரண்டு பேனா. வணக்கம் சொன்னதும் அந்த வரி.