பழித்து வாங்கிய வண்டி

ஆடிப் பெருக்கன்று சிவகாசியில் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போடுவார்கள். அடுத்த வருஷத்து முருகன், லட்சுமி, அருவி, பூந்தோட்டம் என்று அத்தனை மாதிரியும் கோத்த அந்தத் தடித்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஏஜெண்டுகள் ஊர் ஊராகப் புறப்படுவார்கள். முதலில் கடையேறியவனுக்கு ஆர்டர். இரண்டாவதாகப் போனவனுக்கு டீ. மூன்றாவதாகப் போனவனுக்கு, "அதான் குடுத்தாச்சே" என்ற சொல்.

அப்படி ஒரு ஏஜெண்டான சீனிவாசகத்தின் லைன் தென்காசியில் தொடங்கி நாகர்கோவிலில் முடியும். பஸ்ஸில் போனால் பாதிக் கடைகளுக்கு எட்டாது என்பதால் எல்லாம் பைக்கில்தான். பின்னால் மனைவி அழகுமீனா, அவளுக்கும் பின்னால் கேரியரில் ஆல்பம். கடைக்காரரிடம் விலை பேசுவது அவர். முருகனா லட்சுமியா என்று கடைக்காரரின் வீட்டம்மாவிடம் பேசி முடிப்பது அவள். இந்த ஆடியில் அவருடைய பழைய வண்டி இன்ஜின் இறுகி, எட்டயபுரம் ரோட்டில் படுத்துவிட்டது. மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது ரிப்பேருக்கு இல்ல, எடைக்கு" என்றான்.

அந்த ஆல்பத்தை அடிக்கும் அச்சகத்தை வைத்திருப்பது அழகுமீனாவின் தம்பி ராஜபாண்டியன். சொந்தம் என்றால் இரக்கம் என்று நினைப்பவர்கள் அச்சகம் வைத்திருக்கும் மச்சினனைப் பார்த்ததில்லை.

"அத்தான், பூஜை அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள வண்டியோட வந்து ஆல்பத்தை எடுத்துருங்க. இல்லேன்னா லைன் ஏஜெண்டு தனுஷ்கோடிக்கு. அவன் ரெண்டு வருசமா கேட்டுக்கிட்டே இருக்கான்."

"ஒங்க அக்கா பட்டினி கெடப்பா மாப்ள."

"அக்காவை எங்க வீட்டுக்கு அனுப்பிருங்க. நீங்க கெடங்க."

புது வண்டி வாங்கக் கையில் பணம் போதாது. போதாது என்று தெரிந்தும் சீனிவாசகம் ஷோரூமுக்குப் போனார். சும்மா பார்ப்பதற்கு யாரும் காசு கேட்பதில்லை. டை கட்டிய பையன் ஒரு வண்டியைக் காட்டினான். சாமி கும்பிட விழுந்தவனைப் போலக் குப்புறப் படுத்துத்தான் அதை ஓட்ட முடியும். பின் சீட்டு, தாலி கட்டும் மணையில் பாதி அகலம். வைத்திருந்த உயரமோ மாடி.

"இதுல ப்ளூடூத் இருக்கு சார்."

"ப்ளூடூத்துக்கு இடுப்பு வலி கேக்குமா தம்பி?"

பையன் முதுகைத் திருப்பிக்கொண்டான். இன்னொரு வண்டி சிக்கனமானது, மைலேஜ் அள்ளிக் கொடுக்கும். அதில் அழகுமீனா உட்கார்ந்ததும் பின்பக்கம் தரைக்குப் போனது. "ஆல்பத்தை வைக்கணும்னா என்னை எறக்கணும். என்னை ஏத்தணும்னா ஒங்களை எறக்கணும்" என்றாள். ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் ஒவ்வொரு குழியையும் முதுகெலும்புக்குத் தந்தி அடித்தது. டாக்டர் ஏற்கெனவே அவருடைய இடுப்பைப் படம் எடுத்து, முதுகெலும்புக்கு நடுவில் ஒரு வட்டைக் காட்டி, "இது தேஞ்சிருச்சு, குலுக்காதீங்க" என்று சொல்லியிருந்தார்.

பூஜை அன்று காலையில்தான் விஸ்வநத்தத்தில் ஒரு பழைய வண்டி இருப்பதாகத் தகவல் வந்தது. செல்வலட்சுமி என்ற பட்டாசுக் கம்பெனித் தொழிலாளியின் வீடு. அவள் புருஷன் கம்பெனி வேன் ஓட்டப் போய்விட்டதால் பைக் சும்மா நிற்கிறது, விலைக்குத் தருகிறார்கள். சீனிவாசகமும் அழகுமீனாவும் ஆட்டோ பிடித்துப் போனார்கள்.

வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. நூற்றைம்பது சிசி. நீளமான, தட்டையான சீட்டு. நிமிர்ந்து உட்கார்ந்தால் ஹேண்டில்பார் தானாகக் கைக்கு வந்தது. சாவியைத் திருப்பி ஒரே அமுக்கு. இன்ஜின் கொட்டாவி கூட விடாமல் எழுந்தது. தெருவின் கடைசி வரை போய்த் திரும்பினார். கால் வைக்கும் இடம், கை வைக்கும் இடம், அழகுமீனா பிடித்துக்கொள்ளப் பின்னால் கம்பி, அதையும் தாண்டி ஆல்பத்துக்குக் கேரியர். இந்த வண்டியைச் செய்தவனுக்குத் தன் இடுப்பைத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தார். திரும்பி வந்து இறங்கியபோது அவர் முகம் எழவு வீட்டுக்கு வந்தவர் முகமாக இருந்தது.

இதைப் புரிந்துகொள்ள விருதுநகர் பஜாரில் பிறந்திருக்க வேண்டும். அவருடைய அப்பாவுக்கு அங்கே கொத்தமல்லி வியாபாரம். 'சரக்கைக் கண்ணால மெச்சு, வாயால மிதி' என்பதுதான் அந்த வீட்டுத் தாலாட்டு. முதல் தரமான மல்லியை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "ஆட்டுப் புழுக்கையா?" என்று கேட்பார் அப்பா. விற்பவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "ஒங்க பணப்பைக்கு ஆட்டுப் புழுக்கைதான் கட்டும்" என்பார். இருவரும் சேர்ந்து காபி குடிக்கப் போவார்கள்.

விஸ்வநத்தத்தில் அந்த ஆட்டம் யாருக்கும் தெரியாது.

"என்னம்மா இது, மாவு மில்லு சத்தம் கேக்கு?" என்று ஆரம்பித்தார் சீனிவாசகம். "டயரு என் தலை மாதிரி வழுக்கையா இருக்கு. சீட்டு எதுக்கு இம்புட்டு நீளம், பொணம் ஏத்தவா? கலரு கண்றாவி. இதை ஓட்டிட்டுப் போனா நாய் கூடக் கொலைக்காது."

செல்வலட்சுமி இடுப்பில் கை வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். இன்னொரு ஆளும் வந்து நின்றான். திருத்தங்கலில் குடோன் வேலை பார்க்கும் முனியராஜ். வண்டி பார்க்கத்தான் வந்திருந்தான். இரண்டு நிமிஷம் கேட்டான். "நான் அப்புறம் வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே போனான்.

சீனிவாசகம் அதைக் கவனிக்கவில்லை. அவர் உச்சத்தில் இருந்தார். "சரி, தூக்கிப் போடுற சாமான். நீ சொன்ன நாப்பதாயிரத்துல பாதியை வச்சுக்க."

"எறங்குங்க அண்ணாச்சி" என்றாள் செல்வலட்சுமி.

"எறங்கித்தான நிக்கேன்."

"தெருவை விட்டு எறங்குங்கங்கேன். ஒங்களுக்கு வண்டி இல்ல."

அவர் சிரித்தார். பஜாரில் இதற்கு அர்த்தம், 'விலையில கொஞ்சம் ஏறி வா.' அவர் ஏறினார். அவள் முகம் இன்னும் இறுகியது. மறுபடியும் ஏறினார்.

"நிறுத்துங்க. இம்புட்டு நேரம் ஓட்டை வண்டின்னீக. இப்ப ரூவாயக் கூட்டிக்கிட்டே போறீக. அப்பச் சொன்னது பொய்தான?"

"பொய் இல்ல தாயி. பேரம்."

"எங்க தெருவுல அதுக்குப் பேரு பொய்தான். நானும் எம் வீட்டுக்காரரும் அஞ்சு வருசம் இந்த வண்டில போயிருக்கோம். ஒரு நாள் எங்களைத் தள்ள வச்சதில்ல. நீங்க பொணம் ஏத்தவான்னு கேக்கீக. பொணமாவா நான் உக்காந்து போனேன்?"

வாசலில் நின்ற ஒருத்தி, "நல்லாக் கேளு" என்றாள்.

"அது மட்டுமா? வாங்க வந்த ஆளும் ஒங்க வாயைக் கேட்டு ஓடிட்டான். இனிமே ஊர்ல எவன் வருவான்?" போனை எடுத்து அழுத்தி அவரிடம் நீட்டினாள். "முனியராஜுதான். உள்ளதைச் சொல்லுங்க. ஒரு சொல்லு கொறையக் கூடாது."

சீனிவாசகம் போனைப் பல்லி விழுந்த பாலைப் பார்ப்பது போலப் பார்த்தார். அழகுமீனா, "வாங்குங்க, சொல்லுங்க" என்றாள். ஒரு பொருளை வாங்குவதற்கு முன்னால் புகழ்ந்த அனுபவம் அவர் வம்சத்திலேயே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தம்பி, நான் காலண்டர் சீனிவாசகம். வண்டி... வண்டி நல்ல வண்டி. இன்ஜின் சுத்தம். நாலாவது கியர்ல மெதுவாப் போனாலும் திக்கல. சீட்டு ரெண்டு பேருக்குத் தாராளம், நடுமுதுகு நோவாது. டயரு நல்லாருக்கு. பிரேக்கு பிடிக்கி. ஹாரன்தான் கொஞ்சம் கம்மி. நாகர்கோவில் வரைக்கும் போயிட்டு வந்தாலும் மறுநாள் வேலைக்குப் போலாம்."

வாசலில் நின்ற பெண்கள் வாயைப் பிளந்தார்கள். செல்வலட்சுமி கூட அந்த வண்டியை ஒரு தரம் புதிதாகப் பார்த்தாள். போன் சத்தமாக வைக்கப்பட்டிருந்ததால் முனியராஜின் பதில் எல்லோருக்கும் கேட்டது.

"எம்புட்டு கமிஷன் அண்ணாச்சி?"

"என்ன?"

"கொஞ்ச நேரத்துக்கு முன்னால கழுவிக் கழுவி ஊத்துனீக. அப்ப வண்டில ஒரு கொறையும் இல்லன்னு நெனச்சேன், அவசரமா ஏ.டி.எம்முக்குத்தான் ஓடினேன். இப்ப நீங்களே புகழுதீகளே. ஒங்க பஜார் ஆளுக திட்டுனாத்தான் நல்ல சரக்கு, புகழ்ந்ததை எங்க அப்பா தொட்டதில்ல. என்னை விட்ருங்க."

போன் கட்டானது. அந்தப் பயலின் அப்பாவுக்கு எந்த ஊர் என்று விசாரிக்காமல் போனது பெரிய தவறு.

சீனிவாசகத்தின் மூளை, ரத்தத்தில் ஊறிய கணக்கை அதுபாட்டுக்குப் போட்டது: போட்டிக்கு ஆள் இல்லை, விற்பவளுக்கு வேறு வழியில்லை. நாக்கு அரித்தது. அடக்கிப் பார்த்தார். முடியவில்லை.

"இப்ப வேற ஆளும் இல்ல... அதனால விலையைக் கொஞ்சம்..."

செல்வலட்சுமி வண்டியிலிருந்து சாவியை உருவினாள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

அழகுமீனா புருஷனைப் பார்த்த பார்வையில் ஒரு சரவெடி மொத்தமும் வெடித்து ஓய்ந்தது. "ஒங்க நாக்கை வெட்டி ஊறுகா போட்டாக் கூட அது பக்கத்து ஜாடிகிட்ட வெலை கேக்கும்" என்றாள். "லைன் போச்சுன்னா நாளைக்கு எந்தம்பி வீட்டு வாசல்ல நீங்க உக்காருங்க. நான் உக்கார மாட்டேன்." போய்க் கதவைத் தட்டினாள்.

"தங்கச்சி, தொற."

"ஒங்க வீட்டுக்காரரு மூஞ்சியில முழிக்க மாட்டேன்க்கா."

"நீயாவது இன்னைக்குத்தான் முழிச்ச. என்னைப் பொண்ணு பாக்க வந்த எடத்துல, 'பொண்ணு கொஞ்சம் கட்டை'ன்னு எங்க அப்பாகிட்டச் சொன்ன ஆளு இவரு. மறுநாளே தாம்பூலத் தட்டோட வந்து நின்னாரு."

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நீங்க எப்படிக்கா சம்மதிச்சீக?"

"எங்க அப்பா, 'மாப்பிள்ளைக்கு இப்பவே முன்வழுக்கை, பவுனைக் கொறைங்க'ன்னுட்டாரு. சரியாப் போச்சு. நாங்க அப்படித்தான் பேசுவோம். பேச்சு கேவலமா இருக்கும். ஒனக்கு வலிச்சது நெசம். ஆனா இந்த வண்டி இல்லேன்னா எங்களுக்கு இந்த வருசம் பொழப்பு இல்ல."

தாழ் விலகியது. கதவு ஒரு கை அகலம் திறந்தது.

"அந்த ஆளுக்கு விக்க மாட்டேன். ஒங்களுக்கு விக்கேன். ஒங்க பேர்லதான் மாத்தணும். சொன்ன விலை. ஒத்த ரூவா கொறையாது."

"பேசாதீக" என்று அழகுமீனா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். சீனிவாசகம் வாயைத் திறந்திருந்தார், மூடிக்கொண்டார். பணப் பையை இடுப்பிலிருந்து அவிழ்த்து மனைவியிடம் கொடுத்தபோது, இடுப்பு வட்டு இன்னொன்றும் தேய்ந்தது போலிருந்தது. சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்குவதைவிட அதைத் திருடுவது அவர் வீட்டில் கௌரவமாக இருந்திருக்கும். செல்வலட்சுமி சாவியை அழகுமீனாவின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் பக்கம் பார்க்கவே இல்லை.

அச்சகத்துக்கு வந்து சேர்ந்தபோது பூஜை சூடம் அணைந்து நெடுநேரம் ஆகியிருந்தது. ஆனால் வெயில் இருந்தது, சாயங்காலம் முடியவில்லை. மேஜையில் ஒரே ஒரு ஆல்பம் மிச்சம். பக்கத்தில் தனுஷ்கோடி, பந்தியில் இலைக்குக் காத்திருப்பவனைப் போல, கையைக் கழுவித் துடைத்து உட்கார்ந்திருந்தான்.

ராஜபாண்டியன் வெளியே வந்து வண்டியைச் சுற்றினான். ஆக்சிலேட்டரைத் திருகிப் பார்த்தான். குறை ஒன்றும் அகப்படாததில் அவனுக்கு எரிச்சல்.

"சரி, வண்டி வந்திருச்சு. எம்புட்டுக்கு அத்தான் முடிச்சீக?"

சீனிவாசகத்துக்கு வேர்த்தது. சொன்ன விலைக்கு வாங்கினேன் என்றால் லைன் அங்கேயே முடிந்தது. ஒரு வண்டிக்காரியிடம் சரிந்தவன் நாளைக்கு நகைக்கடைக்காரனிடமும் சரிவான் என்று எந்த அச்சகக்காரனும் கணக்குப் போடுவான். பொய் சொல்லலாம் என்றால், விலையை எண்ணிக் கொடுத்தவள் பக்கத்திலேயே நிற்கிறாள். இன்றைக்கு இருக்கும் கோபத்தில் அவள் காட்டிக்கொடுத்தாலும் கொடுப்பாள்.

"என்ன அத்தான், தொண்டையில முள்ளா? ஏமாந்துட்டீகளா?"

தனுஷ்கோடி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"ஏலே" என்றாள் அழகுமீனா. "வண்டி என் பேருல இருக்கு. அவருகிட்ட என்ன கேக்க?"

"சரி, நீயே சொல்லுக்கா. எம்புட்டு?"

"கொள்முதலைக் கேக்குறவன் யாவாரியாலே? அப்பா இருந்தா ஒன் காதைத் திருகியிருப்பாரு. சரி, நான் சொல்லுதேன். அதுக்கு முன்னால நீ சொல்லு. இந்த வருசம் காலண்டர் பேப்பரு ரீமு எம்புட்டுக்கு வாங்குன? தனுஷ்கோடியும் கேட்டுக்கிடட்டும். ஊரெல்லாம் சுத்துற ஆளு, நாலு அச்சகத்துல சொல்லுவான்."

தனுஷ்கோடி காதைத் தீட்டினான். ராஜபாண்டியனின் முகத்தில் இருந்த சிரிப்பு, கடை ஷட்டர் மாதிரி இறங்கியது.

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு" என்றான்.

"அதான், எதுக்கு?"

அவன் உள்ளே போய் ஆல்பத்தைத் தானே தூக்கிவந்து கேரியரில் வைத்தான். அக்காவின் வாயைக் கட்டுகிறவன் போலக் கயிற்றை இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டான்.