எட்டுக் குப்பியும் ஒரு நட்சத்திரமும்

அவள் முகத்தை நம்பி ஒரு ரகசியத்தை ஒப்படைக்க முடியாது. மனசில் இருப்பது அப்படியே முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். அதனால்தான் அணுக்களை எண்ணும் இயந்திரத்தை இயக்கும் அவள் கணவன், அன்று காலை அவளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

அவள் வேதியியல்காரி. ஆழ்கடல் தரையில் பாறைமேல் லட்சக்கணக்கான வருடங்களாகப் படிந்து வளர்ந்திருந்த கருப்பு ஓடு ஒன்றை எட்டு அடுக்காக அறுக்க வைத்து, அமிலத்தில் கரைத்து, இரும்பை மட்டும் பிரித்து, எண்களைக் கலைத்துப் போட்ட எட்டுக் குப்பிகளில் அடைத்தவள். எந்தக் குப்பியில் எந்த அடுக்கு என்று அவளுக்கு மட்டும் தெரியும். எதில் எத்தனை அணு என்று அவனுக்கு மட்டும் தெரியும். ஆசைக்கு ஏற்றபடி யாரும் கணக்கை வளைத்துவிடக் கூடாது என்று துறைத்தலைவி போட்ட விதி அது. அவள் எழுதிய பட்டியல் உறையில் போட்டு ஒட்டப்பட்டுத் தலைவியிடம் இருந்தது.

தேடியது ஒரே ஒரு வகை இரும்பு. பூமி பிறந்தபோது இருந்ததெல்லாம் எப்போதோ சிதைந்து தீர்ந்துவிட்டது. இப்போது கிடைத்தால், பக்கத்தில் ஏதோ ஒரு நட்சத்திரம் வெடித்துத் தூவிய தூசிதான். சுமார் இருபத்தைந்து லட்சம் வருடங்களுக்கு முன் அப்படி வெடித்தது என்று வேறு கடல்களின் ஓடுகள் சொல்லியிருந்தன. இதில் அந்தக் காலத்து அடுக்கு, மேலிருந்து மூன்றாவது. அங்கே அந்த இரும்பு இருந்தால் அவளுடைய மூன்று வருட உழைப்பு பிழைக்கும். இல்லையென்றால் இனி இந்த வேலைக்கு இயந்திரம் கிடையாது என்று தலைவி கறாராகச் சொல்லிவிட்டார்.

ஒவ்வோர் அணு சிக்கும்போதும் கணினி 'டிங்' என்று ஒலிக்கும். எந்தக் குப்பி ஓடுகிறது என்று வெளியில் தெரியாது, ஆகவே காதைப் பொத்திக்கொள்ளத் தேவையில்லை. காலை முழுக்கக் கணினியிடம் மூச்சே இல்லை. மதியம் ஒரு டிங். அப்புறம் இன்னொன்று. அப்புறம் வரிசையாக! அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கை சும்மா இருக்க மறுத்தது. ஆய்வகத்துக்குப் போய் மேசையை ஒழுங்குபடுத்தினாள். அந்த ஓடு அறுபட்டபோது மிஞ்சிய ஓரத்துண்டுகள் ஒரு டப்பாவில் கிடந்தன. 'ஒன்று' என்று அவளே எழுதியிருந்த துண்டின் ஒரு பக்கத்தில் வெளிறிய பாறைத் துகள் ஒட்டியிருந்தது. பாறை ஒட்டியிருப்பது ஓட்டின் அடிப்பக்கத்தில் அல்லவா? அறுப்புக்காரர் எந்தப் பக்கம் மேலே என்று கேட்டபோது, போனைப் பார்த்துக்கொண்டே கை காட்டிய புண்ணியவதி அவள்தான். எட்டு அடுக்கும் தலைகீழ். அவள் ஆறு என்று எழுதியதுதான் உண்மையில் மூன்று.

எண்ணிக்கை தெரிந்தபிறகு பட்டியலை மாற்றினால் எவன் நம்புவான்? இயந்திர அறைக்கு ஓடினாள். உள்ளே தாழ்ப்பாள் அசைந்தது.

"கதவைத் திறக்காதீங்க! வாயையும் திறக்காதீங்க!"

தலைவியை இழுத்து வந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். தலைவி அந்தத் துண்டை உருப்பெருக்கியில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எண்ணிக்கை ஏதாவது கேட்டியா?"

"டிங் கேட்டேன் மேடம். எந்தக் குப்பிக்குன்னு தெரியாது."

புதுப் பட்டியல் எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்திடச் சொன்னார். பழைய உறையையும் பக்கத்திலேயே வைத்தார். பிறகுதான் கதவைத் தட்டினார்.

கணவன் தாளைப் பார்த்துப் படித்தான். ஏழு குப்பிகளில் பூஜ்யம் அல்லது ஒன்று. "அஞ்சாம் குப்பி, பதினாலு."

தலைவி உறையைப் பிரித்தார். பழைய பட்டியலில் அது ஆறாவது அடுக்கு. அவர் விரல் புதுப் பட்டியலுக்கு நகர்ந்தது. மூன்றாவது.

"தப்பையும் எழுதணும். அறிக்கையோட முதல் பக்கத்துலயே" என்றார் தலைவி.

அவள் எழுதினாள்: மேல் கீழ் மாறியது என் கவனக்குறைவு. கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது, முகமோ சிரித்துக்கொண்டிருந்தது. எழுதி முடித்தும் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"பதினாலா?" என்று கேட்டாள்.

"பதினாலு" என்றான் அவன்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."