பேரருவியில் அன்று ஒன்றும் நடக்கவில்லை

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. கேட்டு வாங்கப்பட்டது. கேட்டவள் எங்கள் மாடிவீட்டில் குடியிருக்கும் இசக்கிச்செல்வி, போலீஸ்காரி. போலீஸ் வந்து கதை கேட்டால் எந்த எழுத்தாளர் இல்லையென்று சொல்லப் போகிறார்?

குற்றாலத்துக்குப் பக்கத்தில், மேலகரத்தில், எங்கள் மொட்டை மாடியில் இருக்கும் துணிக்கொடி எங்கள் இருவருக்கும் பொது. சீசன் நேரத்தில் அந்தக் கொடியால் ஒரு பிரயோசனமும் கிடையாது. சாரல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டே இருக்கும். அன்று சாயங்காலம் ஈரம் போகாத காக்கிப் பேண்டை உதறிக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, நீங்க எழுதுத கதையில எல்லாருக்கும் ஏதாவது நடக்கு. எனக்குத்தான் ஒண்ணுமே நடக்க மாட்டேங்கு. என்னைய வச்சு ஒண்ணு எழுதுங்களேன். அதுலயாவது ஏதாவது நடக்கட்டும்."

"என்னட்டி நடக்கணும்?"

"பெருசா. பேப்பர்ல வாரமாதிரி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் விஷயம் சிரிப்பில்லை. சைபர் பிரிவில் ஓர் இடம் காலியாக இருக்கிறதாம். இவள் கம்ப்யூட்டர் படித்தவள். 'விருப்பம் இருந்தால் திங்கட்கிழமை சொல்லும்மா' என்று இன்ஸ்பெக்டர் கேட்டிருக்கிறார். போனால் நாற்காலி, ஃபேன், விசாரணை, கேஸ். போகாவிட்டால் பழையபடி குற்றாலம், பேரருவி, பெண்கள் குளிக்கும் பக்கம், வாயில் விசில். எங்கே உட்காருவது என்பதல்ல அவளை அரித்தது. இத்தனை சீசனாக அந்தத் தண்ணீர்ப் பக்கம் நின்று தான் பார்த்தது ஒரு வேலைதானா என்பதுதான். வேலைதான் என்று தெரிந்தால் நிம்மதியாகப் போவாள், அல்லது நிம்மதியாக இருப்பாள். தெரியாமல் இரண்டும் முடியவில்லை.

இவ்வளவையும் ஒரு கதையிடம் போய்க் கேட்கிறாளே என்று எனக்குப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

2

தொடக்கம், முதல் முயற்சி: விசில் சத்தம் கேட்டதும் அருவி ஒரு கணம் நின்று—

வேண்டாம். அருவி நிற்காது. குற்றாலத்துக்காரர்கள் படித்தால் சிரிப்பார்கள்.

இரண்டாம் முயற்சி: திருடனைப் பிடிக்கப் போலீஸில் சேர்ந்த இசக்கிச்செல்விக்கு முதல் சீசனில் பிடித்தது சளி.

இது பரவாயில்லை. ஆனால் இப்படித் தொடங்கினால் கதை முழுக்க அவளைக் கேலி செய்துகொண்டே போகவேண்டியிருக்கும். அதை அவளுடைய சொந்தக்காரர்களே போதுமான அளவுக்குச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மூன்றாம் முயற்சியை நீங்கள் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள். மொட்டை மாடியும் துணிக்கொடியும். வேறு வழியில்லாமல் உண்மையைப் போட்டேன்.

3

சொந்தக்காரர்கள் என்றேன். போன ஆவணியில் கடையத்தில் அவள் சித்தி முப்பிடாதியம்மாள் வீட்டுக் கல்யாணம். சீசன் முடிந்த கையோடு போயிருந்தாள். பந்தியில் கூட்டம். சாப்பிட்டவர்கள் எழுந்திருக்காமல் பேசிக்கொண்டிருக்க, பின்னால் ஒவ்வொரு நாற்காலிக்கும் ஓர் ஆள் காவல் நின்றது. நம் இசக்கிச்செல்வி என்ன நினைத்தாளோ, பட்டுச்சேலையோடு நடுவில் போய் நின்று ஓங்கிக் கைதட்டினாள்.

"குளிச்சவங்க எல்லாம் வெளிய வாங்க. பின்னால ஆள் நிக்குல்லா."

பாயசத்தோடு பந்தி அப்படியே நின்றது. சித்திதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏட்டி, இது அருவியில்லட்டி, பந்தி. ஒன் டூட்டிய ஊர்ல வச்சிட்டு வரமாட்டியா?"

சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று. அவளும் சேர்ந்துதான் சிரித்திருக்கிறாள். ஆனால் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற மாடக்கண்ணு மாமா அதோடு விடவில்லை. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டாராம்:

"இவ்வளவு படிச்சிட்டு விசில் ஊதவா போன? அதுக்குக் கண்டக்டர் வேல பாத்திருக்கலாம்லா."

அந்தப் பேச்சு அவளுக்குள் தங்கிவிட்டது. (கண்டக்டர் வேலையை மட்டமாகப் பேசிய மாமாவுக்குத் தனியாக ஒரு கதை பாக்கி இருக்கிறது. அதை இங்கே நுழைக்கக் கூடாது.)

4

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

தென்காசியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மோதிய கார், கவிழ்ந்த வேன், ஒடிந்த கால். என் மேசைக்கு எதிரே வந்து உட்காருகிற எல்லாருக்கும் ஏதோ நடந்திருக்கும். நடக்காதவர்கள் ஏன் வரப் போகிறார்கள்? வீட்டுக்கு வந்து கதை எழுத உட்கார்ந்தாலும் அதே பழக்கம்தான். யாருக்காவது ஏதாவது நடந்தால்தான் எனக்குப் பேனா ஓடும்.

ஆகவே இசக்கிச்செல்விக்கும் ஒன்றை நடத்திவைத்தேன். கீழே இருப்பது அந்தப் பகுதி.

'ஞாயிற்றுக்கிழமை. கடையநல்லூரிலிருந்து பர்சானா தன் மகள் ஃபாயிஸாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அருவிக்கு முன்னால் இருக்கும் பாதுகாப்பு வளைவை எல்லாரும் ஆர்ச் என்பார்கள். தண்ணீர் அந்த ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் யாரும் குளிக்கக் கூடாது. அன்று தண்ணீர் அளவாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. திடீரென்று நிறம் மாறியது. மேலேயிருந்து சருகும் சுள்ளியும் வந்து விழுந்தன. இசக்கிச்செல்வி விசிலை ஊதினாள். பெண்கள் முண்டியடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். அந்த நேரம் பார்த்து வரிசையில் இரண்டு பேருக்குள் சண்டை. அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். ஃபாயிஸாவின் கை தாயின் கையிலிருந்து நழுவியது. செந்தண்ணீர் ஆர்ச்சுக்கு மேலே கொட்டியது. இசக்கிச்செல்வி பாய்ந்து அந்தச் சின்னக் கையை—'

இதற்குமேல் எழுதவில்லை. பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்கக் கூடாது. வைத்த பிறகு தண்ணீருக்குள் தள்ளக் கை வரவில்லை. எப்படியும் காப்பாற்றத்தான் போகிறோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, போனில் அடித்ததை முடிக்காமலே மாடிக்குக் கொண்டுபோனேன்.

5

அவள் என் போனை வாங்கி, கொடிக்குக் கீழே நின்றபடியே படித்தாள். முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாராட்டு வரும் என்று காத்திருக்கும்போது நான் கொஞ்சம் அசடுதான்.

"ஃபாயிஸா எப்படிக்கா உள்ள போனா?"

"அதான் எழுதியிருக்கேனே. நீ அந்தப் பக்கம் திரும்புன நேரத்துல—"

"நான் எதுக்குத் திரும்புதேன்?"

"சண்டைய விலக்க."

"தண்ணி கலங்கி வரும்போது எவ சண்டை போட்டா எனக்கென்ன? முடியப் பிடிச்சுக்கிட்டு உருளட்டும். பிள்ளையளத்தான் மொதல்ல ஏத்துவோம்."

"கதைக்கு வேணும்லாட்டி. நீதான பெருசா நடக்கணும்னு கேட்ட. அடுத்த வரியில நீயே காப்பாத்திருவ. பேப்பர்ல போட்டோ வரும்."

போனை என் கையில் திணித்தாள். அவளுக்கு இவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

"கதைக்கு வேணும்னா வேற போலீஸப் போட்டுக்கிடுங்க. நான் நின்னா பிள்ள உள்ள போகாது. என் டூட்டில அது நடக்காதுக்கா."

"ஒண்ணும் நடக்கலன்னுதான வருத்தப்பட்ட?"

"நடக்கக்கூடாதுன்னுதான நிக்கோம் அங்கன."

சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் கொடிப் பக்கம் திரும்பினாள். கொடியில் கிடந்த சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். காயவில்லை. திரும்பவும் தொட்டுப் பார்த்தாள்.

நான் ஒன்றும் பேசவில்லை. வாசகர்களே, எழுத்தாளராக நான் செய்திருக்கிற ஒரே கெட்டிக்காரத்தனம் அதுதான்.

6

(இந்த எண்ணில் ஃபாயிஸாவைக் காப்பாற்றும் காட்சி வருவதாக இருந்தது. எடுத்துவிட்டேன். போலீஸ் ஆட்சேபம்.)

7

ஆனாலும் பர்சானாவையும் மகளையும் அருவிக்கரையில் பாதியில் விட்டுவிட்டு வர மனசில்லை. ஆகவே ஒழுங்காக ஒரு தடவை எழுதினேன்.

தண்ணீர் நிறம் மாறியது. சருகு விழுந்தது. இசக்கிச்செல்வி விசில் ஊதினாள். பிள்ளைகளை முதலில் ஏற்றினாள். பர்சானா நகரவில்லை.

"இப்பதான் உள்ள வந்தோம். பாதித் தலைதான் நனைஞ்சிருக்கு. இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டா இந்தப் போலீஸ்காரி சொத்து கொறஞ்சிருமா?"

"அக்கா, மேல ஏறுங்க. பேச்செல்லாம் மேல வந்து பேசுங்க."

"மழையே இல்ல, இவளுக்கு மட்டும் எங்கருந்து வெள்ளம் வருதாம்?"

"மலையில பெய்யுதுக்கா. ஏறுங்க."

கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஏற்றிவிட்டாள். பர்சானா ஈரச்சேலையைப் பிழிந்துகொண்டே பஸ் நிற்கிற இடம்வரை போலீஸைத் திட்டினாள். 'உம்மா, குளிருது' என்றாள் ஃபாயிஸா. நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கினார்கள். பரோட்டா சாப்பிட்டார்கள். பஸ்ஸில் பிள்ளை தாயின் மடியில் படுத்துத் தூங்கிவிட்டது. இலஞ்சி தாண்டும்போது பர்சானா இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள். தென்காசியில் பஸ் மாறும்போது மறந்துவிட்டாள். வீட்டுக்குப் போனதும் துணியை நனைத்துப்போட்டு, சோறு வைத்து, ரசம் கூட்டினாள்.

அவ்வளவுதான். சப்பென்று இருக்கிறதா? இருக்கட்டும். இவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு பக்கத்தை எழுதியதே கிடையாது. பிள்ளை தூங்குகிற வரியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எதற்கு என்று கேட்டால், சும்மாதான். தூங்குகிறாள், அதற்கு.

மறுநாள் அலுவலகத்தில் என் எதிரே இருந்த காலி நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் வந்து உட்காராத ஜனங்கள் இந்த ஊரில் எத்தனை பேர். யாரோ பிரேக் நட்டைச் சரியாக முடுக்கியிருக்கிறார். யாரோ லெவல் கிராசிங்கில் கேட்டை நேரத்துக்கு இறக்கியிருக்கிறார். ஒரு நர்ஸ் ஊசி போடுவதற்கு முன் சீட்டை இன்னொரு தடவை படித்திருக்கிறாள். அவர்களில் யாரையும் எனக்குத் தெரியாது. தெரியாதவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றும் தெரியவில்லை. ஆனால் அன்று முழுக்க அந்த நன்றி நெஞ்சில் ததும்பிக்கொண்டே இருந்தது. என் வேலைமீதுகூட அன்பு வந்தது. வந்திருக்கக்கூடியவர்களில் இவ்வளவு குறைவான பேர்தானே வருகிறார்கள்.

8

திங்கட்கிழமைக்கு முந்தின நாள். மத்தியானம் போன் வந்தது. அருவியின் இரைச்சலுக்கு நடுவே கத்திப் பேசினாள்.

"அக்கா, தண்ணி ஏறிட்டு. ஆர்ச்சுக்கு மேல விழுது. எல்லாரையும் வெளிய ஏத்திட்டோம்."

"யாருக்கும் ஒண்ணும் இல்லயே?"

"ஒண்ணும் இல்ல. ரெண்டு பேரு நல்லா வஞ்சிட்டுப் போறாவ."

"பொறவு எதுக்குட்டி போன் பண்ணுன?"

"இங்கன ஒரு ஆள் இல்லக்கா. அருவி மட்டும் விழுந்துக்கிட்டு இருக்கு. எல்லாரும் போய்ட்டாவ. நான் பாத்த வேலைய நானே நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன். யார்ட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு."

"நல்லாருக்கா?"

"ரொம்ப நல்லாருக்குக்கா."

நாளைக்கு இன்ஸ்பெக்டரிடம் என்ன சொல்லப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. நாக்கு நுனிவரை வந்ததைப் பிடித்துவைத்தேன்.

9

இனி முடிவு. கைவசம் இரண்டு இருக்கின்றன.

ஒன்றில் அவள் அருவியிலேயே இருக்கிறாள். இன்னொன்றில் சைபர் பிரிவுக்குப் போகிறாள். அங்கே உட்கார்ந்து, ஏதோ ஓர் ஊரில் ஒரு வாத்தியார் தன் சேமிப்பை ஆன்லைன் மோசடியில் இழக்காமல் பார்த்துக்கொள்கிறாள். அந்த வாத்தியாருக்கும் தெரியப் போவதில்லை. எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றிவிட்டது. அதனால் இரண்டையும் எழுதவில்லை. திங்கட்கிழமை அவள் சொன்ன பதில் எனக்குத் தெரியும், அதுவும் இங்கே வராது.

எனக்கு வேண்டிய முடிவு வேறு. அது என்னிடம் இல்லை. உங்களிடம் இருக்கிறது.

குற்றாலத்துக்குப் போய்த் திரும்பினால் வீட்டுப்படி ஏறியதும் ஒரு போன் போடுவோம். அம்மாவுக்கு, அக்காவுக்கு, வழியனுப்பி வைத்தவர்களுக்கு. 'வந்து சேந்துட்டோம்' என்று. அவ்வளவு கூட்டத்தையும் அருவியிலிருந்து வழியனுப்பியவள் இவள். இத்தனை சீசனில் அவளுக்கு ஒருவர்கூட அப்படிச் சொன்னது கிடையாது. சொல்லவேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

நீங்கள் என்றைக்காவது அந்தப் பெண்கள் பக்கம் நின்றிருப்பீர்கள். இல்லையென்றால் உங்கள் மனைவி, மகள், தங்கை. தலை பாதி நனைந்திருக்கும்போது ஒரு விசில் கேட்டிருக்கும். காக்கி உடுப்பில் ஒருத்தி கையை ஆட்டி ஆட்டி விரட்டியிருப்பாள். திட்டியிருப்பீர்கள், அது பரவாயில்லை, அவள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்தக் கதையின் கடைசி வரியை அதனால் நீங்கள்தான் சொல்லவேண்டும். மேலகரத்தில், காயாத காக்கிச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள். அவளிடம் நான் போய்ச் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்குப் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தீர்களா?